பாதித் தம்ளர் மஞ்சள் தண்ணீர்

தலைமையாசிரியர் அறையில் அந்த நோட்டு மேசைமேல் விரித்தபடி கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பக்கம் புரளாமல் இருக்க அதன்மேல் மைக்கூட்டை எடுத்து வைத்திருந்தார்கள். மைக்கூட்டின் அடி ஈரம் பட்டு, நான் சிவப்பு மையில் போட்டிருந்த மதிப்பெண் லேசாக இளகியிருந்தது.

மேசைக்கு இந்தப் பக்கம் செட்டியார் உட்கார்ந்திருந்தார். பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்தவர். அவர் வந்தால் தலைமையாசிரியர் எழுந்து நிற்பார். சுவரோரம் அவருடைய மகன் சொக்கலிங்கம், ஒன்பதாம் வகுப்பு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கு நாற்காலி போடவில்லை. போட்டிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"இத யாரு சொல்லி எழுதுனான்? அத மட்டும் சொல்லுங்க டீச்சரம்மா," என்றார் செட்டியார்.

"யாரும் சொல்லலைங்க. கதையில வர்ற ஒரு ஆளாத் தன்னை நினைச்சுக்கிட்டு எழுதணும். அதுதான் நான் குடுத்த பயிற்சி. அவனா நினைச்சு எழுதுனான்."

"பதிமூணு வயசுப் பயலுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பெத்தவ சொல்லாம தெரியுமா?"

அன்றைக்கு எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. என் ஆசிரியை நாட்களைப் பற்றி நான் எழுதிவரும் இந்தத் தொடரில், இந்த வாரம் பள்ளி ஆண்டு விழா நாடகங்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதுவதாகத்தான் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் வள்ளியம்மை, சொக்கலிங்கத்தோடு படித்தவள், இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்தவள். தொடரைப் பாராட்டி நாலு வரி எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தாள். வகுப்பில் ஒரு நாள் வாசித்தீர்களே டீச்சர், மஞ்சள் தண்ணீர்க் கட்டுரை, நீங்களே எழுதியது, அதை இந்தத் தொடரில் போடக்கூடாதா என்று கேட்டிருந்தாள்.

நீங்களே எழுதியது! காப்பித் தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அதன்பிறகு அந்தக் காப்பியைக் குடிக்கவே முடியவில்லை. ஆகவே நாடகம் இன்னொரு நாள் நடக்கட்டும்.

குடை பேசலாம்

அறுபதுகளின் நடுப்பகுதி. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. பிள்ளைகளுக்கு 'டீச்சர்', ஊருக்குத் 'தமிழம்மா'.

அந்தக் காலத்துக் கட்டுரை நோட்டைத் திறந்தால் பேசாத பொருளே கிடையாது. குடை பேசும். தேய்ந்த செருப்பு பேசும். தபால் பெட்டி, உடைந்த நாற்காலி, பழைய பேருந்து எல்லாம் வரிசையாக வந்து தன் வரலாறு கூறும். "நான்தான் குடை பேசுகிறேன். நான் மதுரையில் ஒரு தொழிற்சாலையில் பிறந்தேன். என்னால் மக்களுக்குப் பல நன்மைகள் உண்டு." நாற்பது பிள்ளைகள், நாற்பது குடைகள். நாற்பதும் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்தவை, எழுத்துப் பிழை உட்பட.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. வேறு மாதிரி எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியும். நாச்சியாபுரத்தில் நான் படித்தபோது எனக்கும் குடை வந்தது. எங்கள் அப்பா வயலுக்குப் போகும்போது குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார். அதை நினைத்து, "அங்கே எனக்கு மூச்சு முட்டும், வேர்வை நாற்றம் தாங்காது" என்று குடை சொல்வதாக எழுதினேன். வாத்தியார் என்னை பெஞ்சுமேல் ஏற்றி நிற்க வைத்துக் கெண்டைக்காலில் விளாசினார். "குடைக்கு மூக்கு உண்டா? சொல்லுடி, குடைக்கு மூக்கு உண்டா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்.

மூக்கு இருக்கக் கூடாதாம். வாய் மட்டும் இருக்கலாமாம்! அந்தக் கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்கத் தைரியம் இல்லை. நான் ஆசிரியையானால் என் பிள்ளைகளைக் குடையாக ஆக்க மாட்டேன், மனுஷராக நினைத்து எழுத வைப்பேன் என்று மட்டும் வீம்பாக முடிவு செய்துகொண்டேன். அந்த வீம்புதான் என்னை அந்தத் தலைமையாசிரியர் அறையில் கொண்டுபோய் நிறுத்தியது.

மனமுவந்து

ஒன்பதாம் வகுப்புத் துணைப்பாடத்தில் ஒரு கதை. பிள்ளையில்லாத அரசன் ஒருவன் ஒரு குயவர் வீட்டு மூன்றாவது மகனைத் தத்தெடுக்கிறான். பையன் வளர்ந்து அரசனாகி ஏரி வெட்டுகிறான், சத்திரம் கட்டுகிறான், நாடு செழிக்கிறது. எட்டுப் பக்கக் கதையில் பெற்றவளுக்கு ஒரே ஒரு வரி. அவள் மனமுவந்து மகனைக் கொடுத்தாள் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் கதையிலேயே இல்லை.

அந்த 'மனமுவந்து' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரய்யா பார்த்தது, அவள் மனம் உவந்ததை? ஏரிக்கு எத்தனை மதகு என்று எழுதத் தெரிந்த ஆசாமிக்கு, பெற்றவள் அன்று வீட்டுக்குப் போய் என்ன செய்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

"எல்லாரும் நோட்டை எடுங்க," என்றேன். "நீங்கதான் அந்தக் குயவர் வீட்டுத் தாய். மகனைக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டீக. அதுக்கப்புறம் என்ன? ஒன்றரைப் பக்கம். வெள்ளிக்கிழமை வேணும்."

"டீச்சர், பசங்களும் தாயா இருந்து எழுதணுமா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது.

"குடையா இருந்து எழுதுனீயே, அப்ப மட்டும் வெக்கமா இல்லையா?" என்றேன். சிரிப்பு அடங்கியது.

சொக்கலிங்கம் சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். அவனே ஒரு தத்துப்பிள்ளை என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அடுத்த பாடம் அது, நடத்தினேன். அவனை நினைத்துப் பார்க்கவில்லை. கதையில் வந்த தாயை எழுதியவர் மறந்துவிட்டார் என்று கொதித்தவள், என் எதிரில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை மறந்தேன்.

இரண்டு பெயர்

எட்டாம் வகுப்பில் பாதி வருஷம் வரைக்கும் அவன் நாகப்பன். (இரண்டு பெயரையுமே மாற்றித்தான் எழுதுகிறேன்.) நகரத்தார் வீடுகளில் பிள்ளையில்லாதவர்கள் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக்கொள்வது உண்டு. பையனுக்கு மஞ்சள் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். குடித்தால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. கூட்டிக்கொண்டவரின் தகப்பனார் பெயர் அவனுக்கு வந்துவிடும். கூட்டிக்கொண்டவர்தான் இனி அவனுக்கு அப்பச்சி, அதாவது அப்பா. பெற்ற தாயை அதன்பிறகு ஆத்தா என்று கூப்பிட முடியாது. முறைப்படி அவள் சின்னாத்தா.

வழக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. கூட்டி வந்த பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். சொக்கலிங்கத்தின் புது வீட்டிலும் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. பெற்ற வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. ஆனால் பிள்ளை ஒட்டுகிற வரைக்கும் அவன் அங்குட்டுப் போகக்கூடாது, அவனைப் பெற்ற ஆச்சியும் (நகரத்தார் வீட்டுக் கல்யாணமான பெண்களை அப்படித்தான் சொல்வார்கள்) இங்குட்டு வரக்கூடாது என்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் நாகப்பனை அடித்துவிட்டு மேலே சொக்கலிங்கம் என்று எழுதியிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. பையன் என் எதிரிலேயே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னொரு முறை கூப்பிட்டேன். அசையவில்லை. 'ஆப்சென்ட்' போட்டேன். மறுநாளும் போட்டேன். மூன்றாம் நாள் கூப்பிட்டபோது "உள்ளேன் அம்மா" என்றான்.

பையன் வழிக்கு வந்துவிட்டான் என்று ஆசிரியர்கள் அறையில் பெருமையாகச் சொன்னேன். அந்த வாயை என்ன செய்தால் தகும்?

ஒன்றரைப் பக்கம்

வெள்ளிக்கிழமை நோட்டுகள் வந்தன. நாற்பதில் முப்பத்தைந்து குடை. "நான்தான் தாய் பேசுகிறேன். நான் குயவர் வீட்டில் பிறந்தேன். என்னால் மக்களுக்குப் பல நன்மைகள் உண்டு." நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

வள்ளியம்மை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தாள். அவளுடைய தாய், மகனைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு கறவை மாடு கேட்கிறாள். அரசன் மாட்டைக் கொடுத்துக் கன்றை மறந்துவிடுகிறான். கன்றில்லாத மாடு பால் கறக்கவில்லை என்று தாய் அரண்மனைக்கே போய்ச் சண்டை போடுகிறாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒன்பது போட்டேன்.

அடுத்த நோட்டு சொக்கலிங்கத்துடையது. ஒன்றரைப் பக்கம்கூட இல்லை, ஒரு பக்கமும் நாலு வரியும். அந்த நோட்டு இன்று என்னிடம் இல்லை. ஆனால் முக்கியமான இடம் எனக்கு மனப்பாடம்.

"அவன் பாதித் தம்ளர்தான் குடித்தான். கசக்கிறது என்று வைத்துவிட்டான். எல்லாரும் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். கொட்ட மனசு வரவில்லை. மீதியை நான் குடிச்சேன். குடிச்சவுக அந்த வீட்டுப் பிள்ளை என்றால் நானும் அந்த வீட்டுக்குத்தானே போகணும். யாராவது கூப்பிடுவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பிறகு தம்ளரைக் கழுவி வைத்துவிட்டேன்."

துணைப்பாடக் கதையில் தம்ளரும் இல்லை, மஞ்சள் தண்ணீரும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'குடிச்சேன்', 'குடிச்சவுக' இரண்டின் அடியிலும் சிவப்புக் கோடு இழுத்து ஓரத்தில் 'கொச்சை' என்று எழுதினேன். பத்துக்கு ஏழரை போட்டேன். வள்ளியம்மையின் மாட்டுக்கு ஒன்பது, இவனுக்கு ஏழரை.

அதோடு விட்டேனா? கடைசிப் பிரிவேளையில் அந்த நோட்டை எடுத்து வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல கட்டுரை, நாலு பேர் கேட்கட்டும் என்ற பெருமை எனக்கு. நான் சொல்லிக் கொடுத்ததால்தானே பிள்ளை இப்படி எழுதினான் என்ற பெருமையும் இருந்தது, மறைப்பானேன். யார் எழுதியது என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் பாதி வாசிக்கும்போதே எல்லாத் தலையும் இரண்டாவது பெஞ்சுப் பக்கம் திரும்பிவிட்டது. அவன் பெஞ்சுமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் கடைசி வரி வரைக்கும் வாசித்துத்தான் நிறுத்தினேன்.

திங்கட்கிழமைக்குள் கடைவீதி வரைக்கும் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை என்னைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

என் கையெழுத்து

அந்த அறைக்கே திரும்புவோம்.

செட்டியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"டீச்சரம்மா, இவன் சாப்புடாமப் படுத்தா என் வீட்டுல அவளும் சாப்புட மாட்டா. பிள்ளை எங்களோட ஒட்டணும். அதுக்காகத்தான் அங்குட்டுப் போகக் கூடாதுன்னு சொன்னது. இவன் என்னடான்னா களவாப் போயிட்டு வந்துக்கிட்டு இருக்கான். பெத்தவ அழுகுறா, இவன் எழுதுறான். இனிமே இவன் இந்த ஊருல படிக்க வேணாம். கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல சேத்துர்றேன்."

"நான் போகலை அப்பச்சி," என்றான் சொக்கலிங்கம். "ஒரு நாளும் போகலை. சின்னாத்தா ஒண்ணும் சொல்லலை. நானா நினைச்சு எழுதுனேன்."

"நீ குடிச்சிட்டு வந்த பின்னாடி அந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாது. அதான் நினைச்சுப் பாத்தேன்."

ஒரு தமிழாசிரியை இதைவிட நல்ல பதிலை எந்த மாணவனிடம் கேட்கப் போகிறாள்? தெரியாததால் நினைத்துப் பார்த்தானாம்! அந்த அறையில் என்னைத் தவிர அதைக் கேட்ட காது ஒன்றுகூட இல்லை. கதை எழுதுகிறவன் தன்னை இன்னொருவராக வைத்துப் பார்ப்பான், 'நான்' என்று எழுதினால் அது அவனாகவும் இருக்க வேண்டாம், அவன் பார்த்ததாகவும் இருக்க வேண்டாம் என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன். குரல் ஏறிவிட்டது.

தலைமையாசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், எப்போதும் தன்மையாகப் பேசுவார், அந்தத் தன்மையைக் கண்டாலே எனக்கு எரியும். "எதுக்கும்மா இந்த வம்பெல்லாம்? ஒரு குடையின் தன் வரலாறுன்னு குடுத்துட்டுப் போயிருக்கலாமே."

"குடையைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்க மாட்டாங்க, அதைத்தானே சொல்றீங்க?" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்காத மாதிரி செட்டியார் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்கறேன். இது டீச்சரே சொல்லச் சொல்ல, பையன் எழுதினதா இருந்தா உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

செட்டியார் முகம் அப்படியே மாறியது. "டீச்சரம்மா சொல்லிக் குடுத்ததா? அப்ப விஷயமே இல்லையே! பாடந்தானே."

தலைமையாசிரியர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். மைக்கூட்டையும் நோட்டின் மேலிருந்து எடுத்து என் பக்கம் வைத்தார். என்ன எழுத வேண்டும் என்று அவரே சொன்னார். மேற்படி கட்டுரை முழுவதும் என்னால் சொல்லப்பட்டு, மாணவனால் எழுதப்பட்டது. அதிலுள்ள கருத்து எதுவும் மாணவனுடையது அன்று.

எழுதாவிட்டால் பையன் ஹாஸ்டலுக்குப் போவான். இப்போது இரண்டு தெரு தள்ளியாவது பெற்றவள் இருக்கிறாள், கோயிலுக்குப் போகிற வழியில் தூரத்திலிருந்தாவது பார்த்துக்கொள்வார்கள். அதுவும் போய்விடும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதாவிட்டால் என் வேலையும் போய்விடலாம் என்பதையும் நினைத்தேன். இரண்டில் எதை முதலில் நினைத்தேன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதுவும் மாணவனுடையது அன்று என்ற வரியை எழுதும்போது அவன் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். செட்டியார் கட்டுரை இருந்த தாளை நோட்டிலிருந்து கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது என்னைக் கும்பிட்டு, "தப்பா நினைச்சுக்கிறாதீக," என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாவில் அவன் காத்துக்கொண்டு நின்றான்.

"அது நான் எழுதுனது டீச்சர்."

"தெரியும்ப்பா. உன்னைய ஹாஸ்டலுக்கு அனுப்பிருவாக. அதுக்காகத்தான்..."

"அனுப்பட்டும். அது நான் எழுதுனது."

குரலை உயர்த்தவில்லை. கண்ணில் தண்ணீர் இல்லை. அவனும் என்னைப் போலத்தான், கோபம் வந்தால் அழத் தெரியாது. வகுப்புக்குப் போய்விட்டான். அதன்பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் எனக்கு எழுதிக் கொடுத்ததெல்லாம் குடைதான். மதுரையில் பிறந்த குடை, பல நன்மைகள் உள்ள குடை. பிழை ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு முறையும் பத்துக்கு எட்டு போட்டேன். வேறு என்ன போடுவது?

சனிக்கிழமை மதியம்

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டில் அரிசி மாவு சலித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆச்சி வந்து நின்றார்கள். உமையாள் ஆச்சி, சொக்கலிங்கத்தைப் பெற்றவர்கள். வேகாத வெயிலில் நடந்து வந்திருந்தார்கள். உள்ளே வரச் சொன்னேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தமிழம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன்."

"கேளுங்க ஆச்சி."

"நான் அந்த மஞ்சத் தண்ணியக் குடிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சல்லடை என் கையில் அப்படியே நின்றது.

"நெசமாவே குடிச்சீகளா?"

"குடிச்சேன். அடுப்படியில யாரும் இல்ல. சுவத்துக்குக்கூடத் தெரியாது. அவுகளுக்கே தெரியாது," என்றார்கள். அவுக என்றது கணவரை. "யாருகிட்டயும் சொல்லலை. சொன்னாப் பைத்தியம்பாக. நீங்க பள்ளிக்கூடத்துல வாசிச்சீகன்னு கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஆச்சியே தொடர்ந்தார்கள்.

"முதல்ல எம் மகன் எழுதுனான்னுதான் சொன்னாக. அன்னைக்கு ஒரு பொழுது பூரா நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குச் சொல்ல முடியாது தமிழம்மா. எம்பிள்ளை என்னைய நினைச்சுப் பாத்திருக்கான், நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்சுப் பாத்திருக்கான்னு அப்படி ஒரு சந்தோசம். மறுநாளே இல்ல இல்ல, டீச்சர் சொல்லிக் குடுத்து எழுதுனதுன்னுட்டாக."

இப்போது படிக்கிற உங்களுக்கு, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியும். எனக்கும் தெரிந்தது. 'ஆச்சி, அது உங்க மகன் எழுதுனது.' ஐந்து வார்த்தை. சொன்னால் அந்த அம்மாள் நேராக அவனிடம் ஓடியிருப்பார்கள், செட்டியாருக்குத் தெரியும், அவன் ஹாஸ்டலுக்குப் போவான், என் கையெழுத்து பொய் என்று ஆகும். இத்தனையும் ஒரு நொடியில் மனசுக்குள் ஓடியது. பாழாய்ப்போன மனசு, பயப்படுவதில் மட்டும் அதற்கு அத்தனை வேகம்.

"தோணிச்சு ஆச்சி," என்றேன். "எனக்கா என்னமோ தோணிச்சு. சொன்னேன்."

ஆச்சி என்னையே பார்த்தார்கள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"பொம்பளைக்குத்தான் தோணும். ஆம்பளைப் பிள்ளைக்கு எங்கிட்டுத் தோணப்போகுது? நாந்தான் கிறுக்கச்சி மாதிரி ஆசைப்பட்டுட்டேன். நீங்க நல்லா இருக்கணும்."

என் மாவு படிந்த கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவனுக்குச் சேர வேண்டியதை நான் வாங்கிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அந்த மாவைச் சலித்து முடிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொட்டினேன்.

ஆத்தா

அடுத்த கோடை விடுமுறையில் உமையாள் ஆச்சி இறந்துபோனார்கள். நெஞ்சுவலி, ஒரே நாளில் முடிந்துவிட்டது. துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன்.

மூத்த மகன் ஈர வேட்டியோடு காரியம் செய்துகொண்டிருந்தார். சொக்கலிங்கம் பங்காளிப் பிள்ளைகளோடு ஒரு தூண் பக்கம் நின்றான். காய்ந்த வேட்டி, காய்ந்த தலை. இறந்தது சின்னாத்தா என்பதால் அவன் முறைக்கு அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பல மாதங்களாக என்னோடு பாடம் தவிர ஒரு வார்த்தை பேசாத பையன்.

"டீச்சர், ஆத்தா உங்க வீட்டுக்கு வந்தாகளாமே?"

சின்னாத்தா என்று சொல்லவில்லை. ஆத்தா என்றான். சுற்றி நாலு பேர் இருந்தார்கள், யாரும் திருத்தவில்லை.

அவனிடம் பொய் சொல்ல என்னிடம் இனிமேல் பொய் மிச்சமில்லை. நடந்தது அத்தனையையும் சொன்னேன். சல்லடை, வெயில், மஞ்சள் தண்ணீர், எல்லாவற்றையும்.

"நெசமாவே குடிச்சாகளா?"

"குடிச்சேன்னாக. யாருக்கும் தெரியாதுன்னாக."

அவன் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"நான் சும்மா நினைச்சுத்தான் எழுதுனேன் டீச்சர்."

"தெரியும்ப்பா."

"நான் எழுதுனதுன்னு சொன்னீகளா ஆத்தாகிட்ட?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். உள்ளேயிருந்து யாரோ "சொக்கலிங்கம்!" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கு உடனே திரும்பினான். "வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போய்ப் பங்காளிப் பிள்ளைகளோடு நின்றுகொண்டான்.

வள்ளியம்மை, உன் கடிதத்துக்கு இதுதான் பதில். அந்தக் கட்டுரையை எழுதியது நான் அல்ல. உனக்கு நேரே இந்தப் பக்கம், பசங்க வரிசையில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுதினான். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் அதில் செய்தது இரண்டு சிவப்புக் கோடு இழுத்தது, பத்துக்கு ஏழரை போட்டது, அப்புறம் அதை என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அவ்வளவுதான்.